முதல் பாலிஷிங் மெஷின்: ரோட்டரியா, டிஏ-வா? கருப்பு கார், 12,000 ரூபாய், பழக்கமில்லாத கை

கோவை_கருப்பு
சனி, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். 2019-இல் எடுத்த கருப்பு ஹேட்ச்பேக் ஒன்று வைத்திருக்கிறேன். ஐந்து வருடம் வாடகை அப்பார்ட்மெண்டில் நின்ற வண்டி. தினமும் காலையில் ஒரே பக்கெட் தண்ணீர், ஒரே துணி, பன்னிரண்டு கார் என்றுதான் அங்கே துடைப்பார்கள். துடைத்தவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர் கையில் கொடுத்த துணி அவ்வளவுதான். இப்போது சொந்த வீட்டுக்கு வந்துவிட்டோம், போர்ட்டிகோ இருக்கிறது.

போன வாரம் ராத்திரி பெட்ரோல் பங்க்கில் காற்று பிடிக்க நின்றபோதுதான் பானெட்டைக் கவனித்தேன். மேலே எரிந்த விளக்கைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல். வண்டியைச் சுற்றி வந்தேன், எல்லாப் பக்கமும் அதே கதை. அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

கடையில் கொடுத்துச் செய்யலாம், தெரியும். ஆனால் என் வண்டிக்கு நானே செய்ய வேண்டும் என்று ஆசை. மொத்த பட்ஜெட் 12,000 ரூபாய். ஆன்லைனில் பார்த்தால் 2,000 ரூபாய்க்கு ஏழு இன்ச் ரோட்டரி மெஷின், கூடவே கம்பளித் தொப்பி இலவசம் என்கிறார்கள். 7,000, 8,000 ரூபாய்க்கு டிஏ என்று சில வருகின்றன. பேர் பெற்ற கம்பெனி மெஷின்கள் என் கைக்கு எட்டவில்லை. என் மச்சான், வீட்டில் கிடக்கும் நாலு இன்ச் கிரைண்டரில் ஒரு பேடு மாட்டினால் வேலை முடிந்தது என்கிறார். எதை வாங்கட்டும்?

ஈரோடு பெயிண்டர்
சனி, இரவு 10:05

தம்பி, மச்சானிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள், கிரைண்டர் வேண்டாம். நாலு இன்ச் கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். பாலிஷ் போடுகிற வேகம் 600-இல் தொடங்கி 2,000 வரைக்கும்தான். அந்த 11,000-க்கு எந்த ஸ்பாஞ்ச் பேடும் செய்யப்பட்டதில்லை. பிய்ந்து பறந்தால் முகத்துக்கு வரும். பிய்யாமல் இருந்தால் இரண்டு நிமிடத்துக்குள் பெயிண்ட் வெந்துவிடும்.

இன்னொன்று, அந்தக் கிரைண்டரின் ஸ்பிண்டில் எம்10, அதாவது 10 மில்லிமீட்டர் மரை. பேடு ஒட்டுகிற பாலிஷ் பிளேட் பெரும்பாலும் எம்14. நடுவில் ஒரு அடாப்டர் போட்டு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், செய்யாதீர்கள். நாளைக்கு ஒரு வண்டி டெலிவரி இருக்கிறது, மற்றதை அப்புறம் எழுதுகிறேன்.

ஞாயிறு வாஷ்
ஞாயிறு, காலை 6:50

கருப்பு வண்டிக்காரருக்கு, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள். மெஷினைப் பற்றிப் பேசும் முன்னால் எதன் மேல் அதை ஓட்டப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்த்து ஏறக்குறைய 100-இலிருந்து 150 மைக்ரான். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனமே 100 மைக்ரான் வரும். அந்தக் கனத்துக்குள்தான் துருப்பிடிக்காமல் இருக்கத் தகரத்தின் மேல் முக்கி எடுக்கும் பூச்சு, பிரைமர், நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். நீங்கள் பார்த்த சிலந்தி வலை அந்தக் கடைசி அடுக்கில் இருக்கிறது. அது தோராயமாக 40, 50 மைக்ரான், அதாவது அரைத் தாள். வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பாற்றுவதும் அதுதான். பாலிஷ் என்றால் அந்த அரைத் தாளில் ஒரு துளியை நாமே தேய்த்து எடுக்கிறோம். கீறலை நிரப்பவில்லை, கீறலின் கரையை இறக்குகிறோம். எடுத்தது திரும்ப வராது. எனவே முதல் மெஷினிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று: என் கை தப்பு செய்தால் அது என்ன செய்யும்?

ரோட்டரியில் மோட்டாரின் சுற்று நேராகப் பேடுக்கு வருகிறது. நீங்கள் அழுத்தினாலும் சுற்றும், சாய்த்துப் பிடித்தாலும் சுற்றும், ஒரே இடத்தில் நின்றாலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சூடு ஓரிடத்தில் சேரும். கதவின் விளிம்பு, பானெட்டின் மடிப்புக் கோடு மாதிரி இடங்களில் பெயிண்ட் ஏற்கெனவே மெல்லியது. அங்கே சில விநாடி தயங்கினாலே பிரைமர் தெரிந்துவிடலாம்.

டிஏ என்று சுருக்கிச் சொல்கிற டியுவல் ஆக்ஷன் மெஷினில் பேடு இரண்டு விதமாக அசைகிறது. மோட்டார் அதைச் சிறு வட்டத்தில் ஆட்டுகிறது. அந்த ஆட்டத்தில் பேடு தானாகவும் சுழல்கிறது, நடுவில் ஒரு பேரிங்கில் சும்மா உட்கார்ந்திருப்பதால். நீங்கள் அதிகமாக அழுத்தினால், சாய்த்தால், அந்தச் சுழற்சி நின்றுபோகும். பேடு வெறுமனே நடுங்கும். வேலை நடக்காது, ஆனால் பெயிண்டும் போகாது. பழகாத கைக்கு இதைவிட நல்ல குணம் ஒரு மெஷினுக்கு இருக்க முடியாது என்பது என் எண்ணம். கீறலும் ஒரே திசையில் விழாததால், ரோட்டரி விட்டுப்போகிற ஹாலோகிராம், அதாவது வெயிலில் வாலாட்டுகிற மாதிரி ஓடும் ஒளிக்கோடு, இதில் வருவது அரிது.

விளம்பரத்தில் 6,000 என்று எழுதியிருப்பதைப் பார்த்து மிரள வேண்டாம். டிஏ-வில் அது ஆட்டத்தின் எண்ணிக்கை. பேடு சுழல்வது நிமிடத்துக்குச் சில நூறு தடவைதான். ரோட்டரியின் 3,000 சுற்றோடு அதை ஒப்பிடக் கூடாது.

உங்கள் பட்ஜெட்டில் 7,000 ரூபாய் டிஏ-தான் சரி. முழு 12,000-ஐயும் மெஷினில் போடாதீர்கள், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன்.

சேலம்_செடான்
ஞாயிறு, காலை 8:15

ஞாயிறு வாஷ் சார் சொன்னதில் ஒரு இடத்தைத் தவிர எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். எந்த டிஏ என்று சொல்லவில்லையே. ஆட்டத்தின் அளவு, த்ரோ என்பார்கள், 8 மில்லிமீட்டரும் இருக்கிறது, 15-உம் இருக்கிறது, 21-உம் இருக்கிறது. நான் 8-இல் ஆரம்பித்தேன். ஒரு பானெட்டுக்கு மூன்று மணி நேரம். தோள் விட்டுப்போனது. 15-க்கு மாறின பிறகு அதே பானெட் ஒன்றேகால் மணி நேரம். இப்போது 15 மில்லிமீட்டர் மெஷின்களும் அந்த விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. நேராக 15 வாங்குங்கள், இரண்டு தடவை செலவு செய்யாதீர்கள்.

ஓஎம்ஆர் வாசி
ஞாயிறு, காலை 11:30

ரோட்டரி என்ன செய்யும் என்பதற்கு என் வண்டியே சாட்சி. வெள்ளை எஸ்யூவி. போர் தண்ணீர் காய்ந்து காய்ந்து பானெட் முழுக்க வெள்ளை வட்டம். ஒரு கடையில் ரப்பிங் பாலிஷுக்குக் கொடுத்தேன். சாயங்காலம் பளபளவென்று வந்தது. இரண்டு நாள் கழித்துக் கழுவும்போது முன் ஃபெண்டர் ஓரத்தில் விரல் நீளத்துக்குச் சாம்பல் நிறம். வெள்ளைக்குள் சாம்பல், பிரைமர்தான் அது. கடையில் கேட்டதற்கு ஏற்கெனவே இருந்திருக்கும் என்றார்கள். அந்த ஓரத்தை நான் கையால் கழுவிய வண்டி, எனக்குத் தெரியாதா?

அதற்குப் பிறகுதான் சொந்தமாக டிஏ வாங்கினேன். இரண்டு வருடம் ஆகிறது. ஒரு இடத்தில்கூட அப்படி ஆகவில்லை. கோவை நண்பருக்கு ஒரு தகவல், தண்ணீர்க் கறை புதிதாக இருந்தால் அதற்கென்று விற்கும் அமிலக் கரைசலில் போய்விடும். கிளியர் கோட்டை அரித்துக் குழி விழுந்த பிறகுதான் மெஷின் வேண்டும். முதலில் கழுவிப் பாருங்கள், உங்கள் கீறலில் பாதி கறையாகக்கூட இருக்கலாம்.

ஈரோடு பெயிண்டர்
ஞாயிறு, இரவு 9:20

ரோட்டரியை எல்லோரும் சேர்ந்து வில்லனாக ஆக்கிவிட்டீர்கள். இருபத்தி இரண்டு வருடம் அந்த மெஷினில் சோறு சாப்பிட்டவன் என்பதால் அதன் பக்கமும் சொல்கிறேன்.

புது பெயிண்ட் அடித்து, 2,000 நம்பர் வாட்டர் பேப்பர் (தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்த பேனலை வெளிச்சத்துக்குக் கொண்டுவர எங்களுக்கு ரோட்டரியும் கம்பளிப் பேடும்தான். டிஏ-வில் அதைச் செய்தால் ஒரு கதவுக்கே அரை நாள் போகும். நாங்கள் அடிக்கும்போது கிளியர் இரண்டு கோட் நன்றாக ஏற்றித்தான் அடிப்போம், எடுப்பதற்கு இடம் இருக்கும். கம்பெனி பெயிண்டில் அந்த இடம் இல்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் எங்கள் வேகத்தில் கம்பெனி பெயிண்ட் மேல் ஓட்டினால் ஓஎம்ஆர் வாசி அம்மா வண்டிக்கு நடந்தது நடக்கும். அது மெஷின் தப்பில்லை, ஆள் தப்பு.

நான் தொழில் கற்றபோது மெஷினை எடுத்தவுடன் கையில் கொடுக்கவில்லை. எட்டு மாதம் வாட்டர் பேப்பர். அப்புறம் கழட்டிப் போட்ட கதவு ஒன்றைக் கொடுத்து, இதில் பெயிண்ட் போகும்வரை ஓட்டு என்றார் என் மேஸ்திரி. எப்போது போகிறது என்று கை தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக. விளிம்பில் முதலில் போனது. போகும் முன்னால் பேடுக்குக் கீழே சத்தம் மாறும், கை ஒட்டுகிற மாதிரி இழுக்கும். அந்த இழுவையை எழுத்தில் சொல்லித் தர முடியாது.

ஆகவே தம்பி, உங்களுக்கு டிஏ-தான். ரோட்டரி கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் உக்கடம் பக்கம் பழைய பார்ட்ஸ் கடைகளில் நசுங்கின பானெட் ஒன்று வாங்கிப் போட்டு அதில் பழகுங்கள். சொந்த வண்டியில் பழகாதீர்கள். டிஏ-வையும் முதல் நாள் அந்த பானெட்டில் ஓட்டினால் நல்லது.

கோவை_கருப்பு
ஞாயிறு, இரவு 10:10

இவ்வளவு பேர் நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி. டிஏ என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் 8-ஆ 15-ஆ என்பதில் இன்னும் குழப்பம். ஐந்து இன்ச் பிளேட், ஆறு இன்ச் பிளேட் என்று வேறு போட்டிருக்கிறார்கள். இன்னொரு கேள்வி, என் பெரியப்பா மகன் அமெரிக்காவிலிருந்து டிசம்பரில் வருகிறான். அங்கே இந்த மெஷின்கள் விலை குறைவு என்கிறான். கொண்டுவரச் சொல்லவா?

ஜெர்சி தமிழன்
திங்கள், காலை 5:25

அமெரிக்காவிலிருந்து கொண்டுவருவது பற்றி நான் சொல்கிறேன், நானே செய்ததால். இங்கே பலரும் முதலில் வாங்கிவந்த மெஷின் போர்ட்டர் கேபிள் 7424எக்ஸ்பி. 8 மில்லிமீட்டர் ஆட்டம், 2,500 முதல் 6,800 வரை வேகம், கல்லு மாதிரி உழைக்கும். மதுரையில் இருக்கும் தம்பிக்கு ஒன்று எடுத்து வந்தேன். ஆனால் அது 120 வோல்ட் மெஷின். ஊரில் 230. நேராகச் சொருகினால் மோட்டாரின் ஆர்மேச்சர் அங்கேயே எரியும்.

ஸ்டெப் டவுன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கினோம். மெஷின் 500 வாட் என்றால் டிரான்ஸ்பார்மர் குறைந்தது 1,000 விஏ (வோல்ட் ஆம்பியர்) இருக்க வேண்டும், விடாமல் ஓடும் வேலை என்பதால். அது இரும்புக் குண்டு மாதிரி கனம். வண்டியைச் சுற்றி அதையும் இழுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. மோட்டாருக்குள் மின்சாரம் கடத்துகிற கார்பன் பிரஷ் தேய்ந்தபோது மதுரையில் கிடைக்கவில்லை, அடுத்த தடவை நான் வரும்வரை மெஷின் பெட்டியில் கிடந்தது. விலையில் மிச்சம் பிடித்தது எல்லாம் அதில் போய்விட்டது. ஐரோப்பா, சிங்கப்பூர், துபாய் என்றால் வோல்ட் ஒத்துப்போகும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். அமெரிக்க மெஷின் வேண்டாம்.

ஞாயிறு வாஷ்
திங்கள், இரவு 8:40

சேலம் நண்பர் சொன்ன வேக வித்தியாசம் உண்மை. ஆட்டம் பெரிதாக இருந்தால் பேடு ஒரே நேரத்தில் அதிக இடத்தைத் தேய்க்கும். இத்தாலியின் ரூபெஸ் கம்பெனி 15-உம் 21-உம் கொண்ட மெஷின்களைக் கொண்டுவந்து டீட்டெய்லிங் கடைகளின், அதாவது காருக்கு மெருகேற்றும் கடைகளின், வேலை முறையையே மாற்றியது அதனால்தான். ஆனால் பெரிய ஆட்டத்துக்குத் தட்டையான இடம் வேண்டும். எஸ்யூவி பானெட், செடானின் கூரை, டிக்கி, அங்கெல்லாம் ராஜா மாதிரி ஓடும். ஹேட்ச்பேக்கில் தட்டையான இடம் எங்கே இருக்கிறது? கதவில் இரண்டு மடிப்பு, பம்பர் முழுக்க வளைவு, பின்பக்கம் நம்பர் பிளேட்டுக்குக் குழி. வளைவில் பேடின் ஒரு பக்கம் மட்டும் படும்போது 15 மில்லிமீட்டர் மெஷின் நின்று நின்று போகும். 8, 9 மில்லிமீட்டர் அவ்வளவு சீக்கிரம் நிற்காது, மெதுவாக ஆனாலும் ஓடும். கருப்பு வண்டிக்காரர் ஒரே ஒரு காருக்காக வாங்குகிறார். வருடத்துக்கு ஒரு தடவைகூட முழுப் பாலிஷ் போடக் கூடாது. அவருக்கு நேரம் பிரச்சினை இல்லை. எனவே நான் சொல்வது 8-இலிருந்து 12-க்குள் ஒன்று, ஐந்து இன்ச் பிளேட். ஆறு இன்ச் வேண்டாம், எடை கூடும், ஓரத்தில் தட்டும்.

பேடு நிற்காமல் ஓடப் பல்சக்கரம் வைத்துக் கட்டாயமாகச் சுழற்றும் மெஷின்களும் இருக்கின்றன. ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் 3401 அதில் பேர் பெற்றது. (ஜெர்மனியில் கிரைண்டருக்கே ஃபிளெக்ஸ் என்றுதான் பெயர், நம் ஊரில் ஜெராக்ஸ் மாதிரி.) நல்ல மெஷின், ஆனால் நிற்காது என்பதே புதியவருக்கு ஆபத்து. அழுத்தினாலும் சுழலும், சூடும் கூடும். அது இரண்டாவது மெஷினாக வரட்டும்.

வாங்கும்போது இவற்றைப் பாருங்கள். வேக டயல் மெதுவாக ஆரம்பித்து ஏறுகிறதா? பெட்டியில் கூடுதல் கார்பன் பிரஷ் இருக்கிறதா? பேக்கிங் பிளேட்டை, அதாவது பேடு ஒட்டும் அந்த பிளேட்டை, கழற்ற முடிகிறதா? கழற்ற முடிந்தால் அதன் மரை எம்8-ஆ, 5/16 அங்குலமா என்று குறித்து வையுங்கள். பிளேட்டில் இருக்கிற வெல்க்ரோ சூட்டில் இளகி ஒரு நாள் பிடிப்பு விடும், அப்போது புது பிளேட் தேட வேண்டியிருக்கும். மரம் தேய்க்கிற ஆர்பிட்டல் சாண்டரைப் பாலிஷர் என்று பெயர் போட்டு விற்பதும் உண்டு. அதன் ஆட்டம் பெரும்பாலும் 2, 3 மில்லிமீட்டர்தான், பேடு சூடாகும், கீறல் போகாது. ஆட்டத்தின் அளவு பெட்டியில் எழுதப்படாத மெஷினைத் தொடவே வேண்டாம்.

இப்போது பணம். மெஷினுக்கு 7,000. பேடுக்கு 2,500. கீறலை எடுக்கிற காம்பவுண்ட் ஒன்று, கடைசியில் மெருகேற்றுகிற ஃபினிஷிங் பாலிஷ் ஒன்று, சிறிய பாட்டில், 1,500. மீதி 1,000-இல் பெயிண்டில் ஒட்டிய அழுக்கை இழுத்து எடுக்கும் க்ளே பார், மாஸ்கிங் டேப், எண்ணெய்ப்பசை துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால், ஐந்தாறு மைக்ரோஃபைபர் துணி. மெஷினுக்கு 11,000 கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வந்த ஒரே பேடை வைத்து வண்டி முழுக்க ஓட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பேனலில் அந்தப் பேடு காம்பவுண்டில் ஊறி, சூட்டில் நடுவில் அமுங்கிப்போகும். அதற்கு அப்புறம் அது பாலிஷ் போடவில்லை, புதுக் கீறல் போடுகிறது.

ஓஎம்ஆர் வாசி
திங்கள், இரவு 9:30

பேடு விஷயத்தில் நானும் அதைத்தான் சொல்ல வந்தேன். நடுத்தர ஃபோம் பேடு நான்கு, மென்மையானது இரண்டு, இதற்குக் குறைந்து போகாதீர்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் பிரஷ்ஷால் பேடைத் தேய்த்துப் பவுடரை எடுத்துவிடுங்கள். நான் பழைய டூத்பிரஷ் வைத்திருக்கிறேன், மெஷினை ஓட விட்டுப் பேடில் லேசாகப் பிடித்தால் போதும். சென்னை வெயிலில் பேடு கையில் பிடிக்க முடியாத சூடு வரும். அப்போது மாற்றிவிடுவேன், சூடான பேடை வாளித் தண்ணீரில் போடாமல் ஆற வைத்துத்தான் கழுவ வேண்டும்.

குழந்தைகள் தூங்கிய பிறகு செய்யலாம் என்று நினைத்தால் பக்கத்து வீட்டில் முதலில் சொல்லிவிடுங்கள். டிஏ சத்தம் மிக்ஸி மாதிரி, ஆனால் இரண்டு மணி நேரம்.

திருச்சி டிரைவர்
செவ்வாய், காலை 7:05

எல்லோரும் மெஷின் மெஷின் என்கிறீர்கள். எனக்குக் கதவில் சாவி பட்டு ஒரே ஒரு கீறல். அதற்கும் மெஷின் வாங்கணுமா?

ஈரோடு பெயிண்டர்
செவ்வாய், காலை 7:40

நகத்தைக் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அது கிளியர் கோட்டைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம், எந்தப் பாலிஷுக்கும் போகாது, டச்சப் பெயிண்ட்தான். நகம் வழுக்கிப் போனால் கையாலேயே ஃபோம் துண்டில் காம்பவுண்ட் தொட்டு, கீறல் போகும் திசையில் தேய்த்துப் பாருங்கள். மெஷின் வேண்டாம்.

சேலம்_செடான்
செவ்வாய், காலை 10:20

ஹேட்ச்பேக்குக்கு 8 என்பதை இன்னும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. வளைவுக்கு மூன்று இன்ச் பிளேட் தனியாக வாங்கி மாட்டினால் 15-உம் ஓடும் என்கிறார்கள். ஆனால் அதற்கும் தனிச் செலவு, புதியவருக்குத் தலைவலி என்பது சரிதான். கருப்பு வண்டிக்காரர் எதை வாங்கினாலும் ஒன்று செய்யுங்கள், பிளேட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுகிறதா என்று கண்ணுக்குத் தெரியும். கோடு நின்றால் பேடு நின்றுவிட்டது, அழுத்தத்தைக் குறைக்கணும். இந்த ஒரு கோடு எனக்கு ஒரு மாதம் மிச்சப்படுத்தியிருக்கும், யாரும் சொல்லவில்லை.

கோவை_கருப்பு
ஞாயிறு, இரவு 8:55

வாங்கிவிட்டேன். 9 மில்லிமீட்டர், ஐந்து இன்ச் பிளேட், 6,800 ரூபாய். உக்கடத்தில் பழைய டிக்கிக் கதவு ஒன்று கிடைத்தது, அதுவும் கருப்பு. புதன் இரவு முழுக்க அதில் பழகினேன். மாஸ்கிங் டேப் ஒட்டிப் பாதியை மறைத்து, பாதியில் மட்டும் ஓட்டினேன். டேப்பைப் பிய்த்ததும் மனைவி டார்ச் அடித்தார். ஒரு பக்கம் சாம்பல் பூத்த மாதிரி, இன்னொரு பக்கம் கிணற்றுத் தண்ணீர் மாதிரி கருப்பு. இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று காலை ஆறு மணிக்கு என் வண்டியின் டிக்கியில் ஆரம்பித்தேன். நன்றாகக் கழுவி, க்ளே பார் போட்டு, புறங்கையை வைத்துப் பார்த்துத் தகரம் குளிர்ந்திருக்கிறது என்று உறுதி செய்துகொண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கட்டம். பேடில் பட்டாணி அளவு நான்கு சொட்டு. பேடைத் தகரத்தில் வைத்த பிறகுதான் சுவிட்ச் போட்டேன், முதல் வேகத்தில் பரப்பி, அப்புறம் நாலில் வைத்தேன். விநாடிக்கு ஓர் அங்குலம் என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டு இடவலமாக ஒரு தடவை, மேல்கீழாக ஒரு தடவை, இப்படி ஆறு நடை. வயர் பெயிண்டில் உரசாமல் தோளில் போட்டுக்கொண்டேன். முதலில் பால் மாதிரி இருந்த பாலிஷ் நாலாவது நடையில் தெளிந்த எண்ணெய் மாதிரி மெலிந்தது. துடைத்து, ஆல்கஹால் கலந்த தண்ணீர் தெளித்து மறுபடி துடைத்துப் பார்த்தேன். கீறல் எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கவில்லை, நிஜமாகவே போயிருந்தது. பத்தில் எட்டுப் பங்கு இருக்கும். மீதி ஆழமானவை, அவை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இரண்டு சந்தேகம். நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் குழிவில் கோடு நின்றுவிடுகிறது. மெதுவாகப் பிடித்தாலும் நிற்கிறது. இன்னொன்று, பின் பம்பரில் ஓட்டலாமா? மெஷின் வந்த பெட்டியில் பிளாஸ்டிக்குக்கும் சரி என்று போட்டிருக்கிறது.

ஞாயிறு வாஷ்
ஞாயிறு, இரவு 9:25

படிக்கும்போதே சந்தோஷமாக இருக்கிறது. அந்த எட்டுப் பங்கில் நிறுத்தினீர்களே, அதுதான் பெரிய விஷயம். மீதி இரண்டுக்காகத் திரும்பத் திரும்ப ஓட்டியிருந்தால் அடுத்த பத்து வருடத்துக்கு வேண்டிய கிளியர் கோட்டை இன்றைக்கே செலவு செய்திருப்பீர்கள்.

குழிவை மெஷினால் செய்ய வேண்டாம். ஐந்து இன்ச் அங்கே உட்காராது. கையால் செய்யுங்கள், கீழே யாரும் குனிந்து பார்க்கப் போவதில்லை.

ஈரோடு பெயிண்டர்
ஞாயிறு, இரவு 10:15

பம்பரில் ஓட்டலாம், ஆனால் தகரம் மாதிரி நினைக்காதீர்கள். தகரம் சூட்டைப் பரப்பிவிடும், பிளாஸ்டிக் சூட்டை அங்கேயே வைத்துக்கொள்ளும். வேகத்தை மூன்றுக்கு இறக்குங்கள், நடை நான்குக்கு மேல் வேண்டாம், ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவில் கை வைத்துப் பாருங்கள். பம்பர் முன்னே எப்போதாவது ரீபெயிண்ட் ஆகியிருந்தால் அதைச் சொல்லுங்கள், அப்போது முறை வேறு.

பானெட் எப்போது செய்கிறீர்கள்?

கோவை_கருப்பு
ஞாயிறு, இரவு 10:22

ரீபெயிண்ட் இல்லை அண்ணா, ஒரே கை வண்டி. பானெட் அடுத்த ஞாயிறு, வெயில் ஏறும் முன்னால்.

ஈரோடு பெயிண்டர்
ஞாயிறு, இரவு 10:31

சரி. பானெட்டில் நடுவே இரண்டு மடிப்புக் கோடு ஓடும், விளக்குப் பக்கம் ஓரம் கூர்மையாக இருக்கும். எல்லாக் கோட்டிலும் ஓரத்திலும் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பியுங்கள். டேப் எடுத்த பிறகு அந்தக் கோட்டைக் கையால் இரண்டே இரண்டு தடவை. வாஷர் தண்ணீர் பீய்ச்சும் மூக்கையும் மறைத்துவிடுங்கள், காம்பவுண்ட் உள்ளே போனால் அடைத்துக்கொள்ளும்.